இந்த வருஷம் உங்களுக்கு என்ன வசனம் வந்துச்சு?

முதல்லயே சொல்லிடுறேன், புத்தாண்டுக்கு சர்ச்சுல தர்ற வாக்குத்தத்த அட்டை, அதான் ஒரு பைபிள் வசனம் அச்சடிச்ச அட்டை, அது மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல. சின்ன வயசுல இருந்து டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைன்னாலே அதுதான் ஞாபகம் வரும், பன்னிரண்டு மணிக்கு கோவில் மணி அடிச்சு எல்லாரும் கை குலுக்கி முடிச்சதும் ஐயர் (எங்க பக்கம் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம்) தட்டை நீட்டுவாங்க, கண்ணை மூடிக்கிட்டு ஒரு அட்டை எடுக்கணும், வெளிய வந்து கேக்கையும் டீயையும் கையில வச்சுக்கிட்டு "உனக்கு என்னல வந்துச்சு"ன்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கணும். எங்க அத்தை ஒருத்தங்க, எடுத்த வசனம் மனசுக்கு ஒட்டலைன்னா நைசா மறுபடியும் வரிசையில வந்து நிப்பாங்க. இப்போ அதே அட்டை விடியறதுக்குள்ள வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஆயிடுது, ஃபிரிட்ஜ் கதவுல ஏறிடுது. அதெல்லாம் இருக்கட்டும், நல்லதுதான். நான் சொல்ல வர்றது வேற. ஆண்டவர் நமக்கு என்ன தருவாருங்கிறதை மட்டும் அட்டை அடிச்சு லேமினேட் பண்ணி பத்திரமா வச்சிருக்கோம், நாம அவருக்கு கொடுத்த வாக்கு என்னன்னு கேட்டா முழிக்கிறோம். நம்ம விசுவாசம் வருஷக்கணக்கா அதே இடத்துல நிக்கிறதுக்கு இதுதான் காரணம்னு எனக்குத் தோணுது. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

தட்டுல என்ன வசனம் எல்லாம் இருக்கும்னு நமக்கே மனப்பாடம். ஏசாயா 41:10, பிலிப்பியர் 4:13, எரேமியா 29:11, அப்புறம் எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்ச உபாகமம் 28:13, "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்". இந்தக் கடைசி வசனத்தை நினைச்சா எனக்கு சிரிப்பு வரும். ஒரே சபையில நூறு பேர் வீட்டுக்கு தலையாக்குவார்னு எடுத்துட்டுப் போனா வால் யாருங்க? சபைத் தேர்தல் வரட்டும், தெரிஞ்சிடும், அத்தனை பேரும் தலை. கமிட்டி மெம்பர் சீட்டுக்கு நடக்கிற கூத்தைப் பார்த்தா இந்த வசனத்தை எல்லாரும் ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டாங்கன்னு புரியும். ஆனா அந்த அதிகாரத்தை முழுசா உட்கார்ந்து படிச்சுப் பாருங்க, மொத்தம் 68 வசனம், ஆசீர்வாதம் 14ஆம் வசனத்தோட முடிஞ்சிடுது, 15ல இருந்து கடைசி வரைக்கும் சாபம்தான். 13ஆம் வசனத்துலயே கட்டளைகளைக் கைக்கொண்டு நடந்தா அப்படீன்னு நிபந்தனை இருக்கு, அந்தப் பாதிக்கு அட்டையில இடம் பத்தாம போயிடுது போல. அதே மாதிரி யோவான் 16:33ல "திடன்கொள்ளுங்கள், நான் உலகத்தை ஜெயித்தேன்" மட்டும் அட்டைக்கு வரும், அதுக்கு முன்னாடி அதே மூச்சுல இயேசு சொன்ன "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" வராது. அதுவும் அவர் சொன்ன வாக்குதானே, அதைப் போட்டா யாரு எடுப்பா.

பிலிப்பியர் 4:13, "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு", பரிட்சைக்குப் போற பிள்ளைங்க ஹால் டிக்கெட்டோட வச்சுக்கிற வசனம். வச்சுக்கட்டும். ஆனா அப்போஸ்தலன் பவுல் அதை எழுதினது காவல்ல இருந்துகிட்டு, அதுக்கு முந்தின வசனத்துல "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்"னு சொல்லிட்டு, திருப்தியா இருக்கவும் பசியா இருக்கவும் போதிக்கப்பட்டேன்னு எழுதுறார். அந்த மனுஷனுக்கே அது ஒரே நாள்ல வரல, அடி வாங்கி, கப்பல் உடைஞ்சு, கூட இருந்தவங்க விட்டுட்டுப் போய், அப்படித்தான் படிச்சிருக்கார். நாம பெயிலாகாம இருக்கிறதுக்கு அதை எடுத்துக்கிட்டோம், அவர் எழுதினது பெயிலானாலும் நிக்கிறதுக்கு.

இப்போ எரேமியா 29:11க்கு வர்றேன், இதைப் பத்தி கொஞ்சம் விரிவா பேசணும். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." கல்யாண வீட்டு பேனர்லயும் காலேஜ் சேர்ற பிள்ளைக்கு கொடுக்கிற டைரியிலயும் இதைப் பார்க்கலாம். இது ஒரு லெட்டர்ல இருக்கிற வரி. கி.மு. 597 வாக்குல பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேம்ல இருந்து எகொனியா ராஜாவையும் ஜனத்தையும் பாபிலோனுக்கு பிடிச்சுட்டுப் போயிட்டான், அங்க உட்கார்ந்து எப்போ ஊருக்குப் போவோம்னு ஏங்கிக்கிட்டு இருக்கிற அந்த மொத்தக் கூட்டத்துக்கும் தீர்க்கதரிசி எரேமியா எருசலேம்ல இருந்து எழுதி அனுப்பினது. முந்தின 28ஆம் அதிகாரத்தைப் படிச்சாதான் இதோட காரம் புரியும். அங்க அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி, ஆலயத்துல எல்லார் முன்னாடியும் எழும்பி, இன்னும் ரெண்டே வருஷம், எல்லாரும் திரும்ப வந்துடுவாங்க, கோவில் பாத்திரம்கூட வந்துடும்னு சொல்றான்.  எரேமியா உடனே சண்டைக்குப் போகல, ஆமென், கர்த்தர் அப்படியே செய்யட்டும்னு சொல்லிட்டு, சமாதானம் வரும்னு சொல்றவன் சொன்னது நடந்தா அப்போ தெரியும்னுதான் சொல்றார். அதுக்கு அப்புறம் அனனியா, பாபிலோனுக்கு அடங்கியிருக்கணும்ங்கிறதுக்கு அடையாளமா எரேமியா கழுத்துல மாட்டியிருந்த மர நுகத்தை பிடுங்கி உடைச்சே காட்டுறான். பிறகு கர்த்தர் சொல்லச் சொன்னது, மர நுகத்தை நீ உடைச்சே, இரும்பு நுகம் வருது. அனனியா அதே வருஷம் செத்தும் போனான்.

அதுக்கு அடுத்த அதிகாரத்துலதான் இந்த லெட்டர் வருது, அதுல கணக்கு ரெண்டு வருஷம் இல்ல, எழுபது வருஷம். அந்த லெட்டரைக் கேட்ட பெரியவங்க முக்காவாசிப் பேர் ஊர் திரும்பாமலே பாபிலோன்ல கண்ணை மூடியிருப்பாங்க. நம்ம பேனர் வசனம் அவங்களுக்கு சொன்னது! அதுவரைக்கும் என்ன செய்யணும்னு 5ஆம் வசனத்துல இருந்து தெளிவா இருக்கு, வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, கனியைச் சாப்பிடுங்க, பிள்ளைங்களுக்கு கல்யாணம் பண்ணி வைங்க. 7ஆம் வசனம் இன்னும் கஷ்டம், உங்களைச் சிறைபிடிச்சுட்டுப் போன அந்தப் பட்டணத்தோட சமாதானத்தைத் தேடுங்க, அதுக்காக ஜெபம் பண்ணுங்க, அதுக்கு சமாதானம் இருந்தாதான் உங்களுக்கும் சமாதானம். உங்க ஊரை அழிச்சவன் ஊரு அது. அவனுக்காக ஜெபம் பண்ணணும். இந்த 7ஆம் வசனத்தை அட்டையில நான் இன்னிவரைக்கும் பார்த்ததில்ல, எடுத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. எனக்கு என்ன தோணுதுன்னா, இன்னைக்கு நம்ம மேடைகள்ல அனனியாக்களுக்குத்தான் மைக். இந்த வருஷம் திருப்புமுனை வருஷம், இந்த மாசம் கடன் தீரும் மாசம், ஆமென் சொல்றவங்க கை தூக்குங்க. எழுபது வருஷம்னு சொல்றவரை யாரு கன்வென்ஷனுக்கு கூப்பிடப் போறா, அவருக்கு காணிக்கைகூட சரியா விழாது.

இதை நான் வீம்புக்கு சொல்லல. எங்க பெரியப்பாவுக்கு கிட்னி போயி டயாலிசிஸ் ஓடிக்கிட்டு இருந்த வருஷம் பெரியம்மா எடுத்த அட்டை எரேமியா 30:17, "நான் உனக்கு ஆரோக்கியம் வரப்பண்ணி, உன் காயங்களை ஆற்றுவேன்". வீடே சந்தோஷப்பட்டுச்சு, சாட்சி சொல்ல தயாராவே இருந்தாங்க. அந்த ஆடி மாசம் பெரியப்பா தவறிட்டாங்க. அடக்கம் முடிஞ்சு நாலஞ்சு நாள்ல வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒரு பிரசங்கியார், வசனம் பொய்யாகாதும்மா, விசுவாசத்துல எங்கயோ ஓட்டை இருந்திருக்குன்னு சொல்லிட்டார். எனக்கு அன்னைக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சம் இல்ல, சின்ன அண்ணன் எந்திரிச்சு வெளிய போயிட்டான். பெரியம்மா ஒண்ணும் பேசல, அவருக்கு டீ கொண்டு வந்து கொடுத்தாங்க, சீனி கம்மியா போடணுமான்னு கேட்டாங்க. ரொம்ப நாள் கழிச்சு நான் மெதுவா கேட்டேன், பெரியம்மா ஆண்டவர் மேல கோவம் இல்லையான்னு. "கோவம் உண்டு. அதை அவர்கிட்டயே சொல்லியாச்சு, உன்கிட்ட எதுக்கு"ன்னாங்க. சங்கீதம் 13 இதைத்தானே சொல்லுது, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்". விசுவாசத்துல ஓட்டை இருக்கிறவன் பாட்டா அது, தாவீது பாட்டு.

பெரியம்மா கதையில எனக்கு முக்கியமா படுறது அதுக்கு அப்புறம் நடந்ததுதான். பக்கத்து வீட்டு பாய்க்கும் டயாலிசிஸ் ஆரம்பிச்சிடுச்சு, அவங்க வீட்டம்மாவுக்கு ஆஸ்பத்திரி நடைமுறை ஒண்ணும் தெரியாது, எந்த கவுன்டர்ல சீட்டு போடணும், காப்பீட்டு அட்டையை யார்கிட்ட காட்டணும், காலைல எத்தனை மணிக்குப் போனா சீக்கிரம் பெட் கிடைக்கும், எந்த நர்ஸ் ஊசி வலிக்காம போடும், எதுவும் தெரியாது. பெரியம்மாவுக்கு அத்தனையும் தெரியும். பெரியப்பா செத்து மூணு மாசம் ஆகல, அதே வார்டுக்கு, அதே பெஞ்சுக்கு இவங்க துணைக்குப் போய் உட்கார ஆரம்பிச்சாங்க. அந்த பெஞ்சுல உட்கார்ந்தா என்னென்ன ஞாபகம் வந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அவங்க இதுக்கு ஊழியம்னு பேர் வைக்கல, சபை ரிப்போர்ட்லயும் வரல. வளர்ச்சி வளர்ச்சின்னு சொல்றோமே, ஆவிக்குரிய வளர்ச்சிக்கு செமினார் எல்லாம் வைக்கிறோமே, நான் கண்ணால பார்த்தது இது ஒண்ணுதான்.

ஒரு சின்ன வரலாறு, இதுக்கு சம்பந்தம் இருக்கு. வசனத்தை குலுக்கி எடுக்கிற பழக்கத்துல ரொம்பப் பழசு ஒண்ணு ஜெர்மனியில ஹெர்ன்ஹூட்ங்கிற ஊர்ல இருக்கு. மொராவியாவுல விசுவாசத்துக்காக துன்பப்பட்டு தப்பி வந்தவங்க 1722ல இருந்து ஜின்சென்டார்ஃப் பிரபு நிலத்துல குடியேறினாங்க, வந்தவங்க அஞ்சு வருஷத்துக்குள்ள நம்மள மாதிரியே கோஷ்டி சண்டை. 1727 மே மாசம் ஒண்ணா வாழ்றதுக்கு ஒரு ஒப்பந்தம் எழுதி கையெழுத்து போட்டாங்க, ஆகஸ்ட்ல திருவிருந்துல ஒருத்தரை ஒருத்தர் மன்னிச்சு அழுதாங்க. அடுத்த வருஷம் 1728 மே 3ஆம் தேதிதான் ஜின்சென்டார்ஃப் முதல் தடவையா அன்றன்றைக்கு ஒரு வாசகம் கொடுக்க ஆரம்பிச்சார், அதை வீடு வீடா போய் சொல்லிட்டு அந்த வீட்டுல எல்லாரும் எப்படி இருக்காங்கன்னு விசாரிச்சுட்டு வருவாங்க. 1731ல புஸ்தகமா அச்சடிச்சாங்க, இன்னைக்கும் வருஷாவருஷம் வருது. கவனிச்சீங்களா, ஊர் முழுக்க ஒரே வசனம். உனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணு இல்ல. அதுவும் சண்டையைத் தீர்த்துட்டு அப்புறம்தான் வசனம்.

சரி, நம்ம பக்கம் என்ன தொலைஞ்சு போச்சுன்னு ஆரம்பத்துல சொன்னேன்ல. மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி 1755 ஆகஸ்ட்ல லண்டன்ல உடன்படிக்கை ஆராதனைன்னு ஒண்ணு, அதாவது நாம ஆண்டவருக்கு வாக்கு கொடுக்கிற ஆராதனை, நடத்தினார், மெதடிஸ்ட் சபைகள்ல அது பிற்பாடு புத்தாண்டு வழக்கமா ஆயிடுச்சு. 1947 செப்டம்பர் 27 சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் எல்லாம் சேர்ந்து சி.எஸ்.ஐ (தென்னிந்திய திருச்சபை) ஆனப்போ அந்த சொத்தும் நமக்கு வந்துச்சு. நிறைய சபைகள்ல புத்தாண்டுக்கு இப்பவும் இந்த ஆராதனை உண்டு, புஸ்தகத்தைப் பார்த்து கடகடன்னு வாசிச்சுட்டு அட்டை எப்போ தருவாங்கன்னு எட்டிப் பார்த்துக்கிட்டு இருப்போம். அந்த ஜெபத்தோட சாரம் என் வார்த்தையில: நான் இனிமே என் சொந்தம் இல்ல, உமக்குச் சொந்தம். உமக்கு இஷ்டமான வேலையில போடும், இஷ்டமானவங்க பக்கத்துல நிறுத்தும். என்னை உபயோகப்படுத்தினாலும் சரி, ஓரமா வச்சாலும் சரி. நிறைவா இருந்தாலும் சரி, ஒண்ணுமில்லாம இருந்தாலும் சரி. இதை மனசார ஒரு தடவை சொல்லிப் பாருங்க, நாக்கு ஒட்டிக்கும். ஓரமா வச்சாலும் சரின்னு சொல்ல எந்தக் கமிட்டி மெம்பருக்கு மனசு வரும்.

என்னைக் கேட்டா அந்த ஜெபத்துலயே ரொம்ப கஷ்டமான இடம் இஷ்டமானவங்க பக்கத்துல நிறுத்தும்ங்கிறதுதான். வறுமை நோயெல்லாம் வந்தா பார்த்துக்கலாம்னு ஒரு தைரியம் வந்துடும், ஆனா சில ஆளுங்க பக்கத்துல நிக்க முடியாது. எங்க சபையில போன தேர்தல்ல ரெண்டு அணி ஆகி, அசனத்துக்குக்கூட, அதான் சபை விருந்துக்குக்கூட, இவங்க ஒரு பந்தி அவங்க ஒரு பந்தின்னு உட்கார்றாங்க, ஒரே சட்டியில வெந்த சோறு. 1 கொரிந்தியர் 13ஐ நாம கல்யாணத்துல வாசிச்சு வாசிச்சு இனிப்பாக்கிட்டோம், பவுல் அதை எழுதினது கோஷ்டி பிரிஞ்சு, சகோதரன் மேல கோர்ட்டுல கேஸ் போட்டு, கர்த்தருடைய பந்தியில பணக்காரன் முந்திச் சாப்பிட்டு ஏழையைப் பசியோட விட்ட ஒரு சபைக்கு. மாப்பிள்ளை பொண்ணை விட சபையை நடத்துற நம்ம பாஸ்டரேட் கமிட்டிக்குத்தான் அந்த அதிகாரம் சரியா பொருந்தும்.

எதிர் அணியில இருந்து எங்க அப்பாவை கூட்டத்துல நாலு பேர் முன்னாடி கேவலமா பேசின அண்ணாச்சி வீட்டுல மே மாசம் கல்யாணம். அவங்க மகன்தான் வந்து பத்திரிகை வச்சுட்டுப் போனான், தட்டுல வெத்தலை பாக்கோட முறையாத்தான் வச்சான். போறதா வேண்டாமான்னு வீட்டுல இன்னும் பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு, அப்பா மொய் மட்டும் கொடுத்து விடலாம்ங்கிறாங்க, அம்மா வாயே திறக்கல. நான் குடும்பத்தோட போயி பந்தியில உட்கார்ந்து சாப்பிட்டுட்டுத்தான் வரணும்னு சொல்லியிருக்கேன்.