மாரத்தான்ல தண்ணி எவ்ளோ குடிச்சாலும் நல்லதா? இல்லங்க
முதல் மாரத்தானுக்கு ரெடி ஆகுறவங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் சுத்துது, சிங்கப்பூர் புழுக்கத்துக்கு தாகம் இல்லன்னாலும் தண்ணி குடிச்சுட்டே இருங்க, எவ்ளோ குடிச்சாலும் நல்லதுதான்னு. தப்புங்க, தயவுசெஞ்சு நம்பாதீங்க. வேர்வைல உப்பும் போகுது, அதுக்கு மேல வெறும் தண்ணியா ஊத்திட்டே இருந்தா ரத்தத்துல சோடியம் கொறஞ்சு மூளை வீங்கும், உயிருக்கே ஆபத்து.

2002 பாஸ்டன் மாரத்தான்ல சோதிச்ச 488 பேர்ல 13 சதவீதம் பேருக்கு சோடியம் கம்மி, அதுவும் ஓடி முடிச்சப்போ வெயிட் ஏறியிருந்தவங்களுக்குத்தான் அதிகம்.

ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல லாங் ரன் போறப்போ முன்னாடியும் பின்னாடியும் வெயிட் பாருங்க, ஏறியிருந்தா தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு. விரல் வீங்கி மோதிரம் இறுகுது, தலைவலி, வாந்தி, பேச்சு கொழம்புதுன்னா மறுபடி தண்ணிய நீட்டாம உடனே சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் நம்பர் 995ஐ கூப்பிடுங்க. தாகம் எடுத்தா குடிங்க, அவ்ளோதான்.