தானாக அணையும் சிகரெட்

எங்கள் தாத்தாவின் காதில் எப்போதும் பாதி பீடி ஒன்று செருகியிருக்கும். இரண்டு இழுப்பு இழுப்பார், எதிரே வந்தவரிடம் மழையைப் பற்றியோ மாட்டைப் பற்றியோ பேச ஆரம்பிப்பார், பேச்சு முடிவதற்குள் பீடி அணைந்திருக்கும். "ஏல, தீப்பெட்டிய எடு" என்பார். ஒரு பீடி முடிவதற்குள் நாலைந்து குச்சி காலியாகிவிடும். எங்களுக்குத் தென்காசிப் பக்கம். அம்மா அன்றைக்கும் பீடிதான் சுற்றிக்கொண்டிருந்தாள், மடியில் சொளவும் விரலில் நூலுமாக. தாத்தா பீடி ஏன் அணைந்துகொண்டே இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "இலைலா, அது இழுத்தாத்தான் எரியும்" என்றாள். இழுக்கிறவன் நிறுத்தினால் நெருப்பும் நிற்கும்.

அப்பா டவுனில் வேலைக்குப் போன பிறகு சிகரெட்டுக்கு மாறினார். அது அப்படியில்லை. திண்ணை விளிம்பில் வைத்துவிட்டு மறந்துபோனால், கடைசிவரை தானே எரிந்து, விரல் நீளத்துக்கு முழுச் சாம்பலாகக் கிடக்கும். சின்னப் பிள்ளையில் எனக்கு அது ஒரு வேடிக்கை.

நான் ஆறாவது படிக்கும்போது ஒருநாள் ராத்திரி அம்மா அலறிக்கொண்டு எழுப்பினாள். வீடெல்லாம் புகை. அப்பா தூக்கக் கலக்கத்தில் விரலிலிருந்து நழுவவிட்ட சிகரெட், மெத்தையில் ஓட்டை போட்டு உள்ளே போயிருந்தது. மெத்தையில் தீயாக எதுவும் தெரியவில்லை. எட்டணா அகலத்துக்கு ஒரு கறுப்பு ஓட்டை, அதிலிருந்து மஞ்சளாகப் புகை. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். இலவம்பஞ்சில் தண்ணீர் ஒட்டாது, உருண்டு ஓடிவிடும். அணைந்துவிட்டது என்று நினைத்து முற்றத்தில் போட்டுவிட்டுப் படுத்தோம். விடியற்காலையில் மறுபடியும் புகைந்தது. மெத்தையைக் கிழித்துப் பஞ்சைப் பரப்பியபோது உள்ளே ஒரு கை அகலத்துக்குக் கங்கு. அந்த மெத்தையில் அப்பாவுக்குப் பக்கத்தில் என் தங்கை படுத்திருந்தாள். அவளுக்கு அப்போது மூன்று வயது.

போன வாரம் அலுவலகத்தில் சாப்பிடும்போது ஒரு பேச்சு. கூட வேலை செய்கிற நண்பர் ஒருவர், நல்லவர், நிறையப் படிப்பவர், சொன்னார்: "எல்லாத்துக்கும் சட்டம் போட்டா இன்ஸ்பெக்டருக்கு மாமூல்தான் மிச்சம். கம்பெனிக்காரன் தன் பேரைக் காப்பாத்திக்கவாவது பொருளைத் திருத்திக்குவான். சந்தை பாத்துக்கும்." எனக்கு உடனே அந்த மெத்தைதான் நினைவுக்கு வந்தது. அங்கே முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

சிகரெட் தானாக எரிவது இயற்கை இல்லை. அதைச் சுற்றியிருக்கும் காகிதத்தில் காற்று எவ்வளவு புக வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்கிறார்கள். சீராக எரிவதற்காகச் சிட்ரேட் உப்பும் சேர்க்கிறார்கள். யாரும் இழுக்காவிட்டாலும் நெருப்பு நகர்ந்துகொண்டே இருப்பது அப்படித்தான். இதை மாற்றுவதற்கும் பெரிய வித்தை தேவையில்லை. காகிதத்தில் இரண்டு மூன்று இடங்களில், காற்று அதிகம் புகாத மெல்லிய வளையம் போட்டால் போதும். நெருப்பு அந்த இடத்துக்கு வரும்போது ஆள் இழுத்தால் தாண்டிவிடும். இழுக்காமல் சோபாவிலோ மெத்தையிலோ கிடந்தால் பெரும்பாலும் அங்கேயே அணைந்துவிடும். தாத்தாவின் பீடி இலை சும்மா செய்ததைக் காகிதத்தைச் செய்யவைப்பது, அவ்வளவுதான்.

இந்த வளையம் கடைக்கு வர எத்தனை வருஷம் ஆனது என்பதுதான் என் பதில்.

1979-இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வெஸ்ட்வுட் ஊரில் ஒரு வீடு எரிந்தது. அப்பா, அம்மா, ஐந்து பிள்ளைகள், ஏழு பேரும் போய்விட்டார்கள். காரணம் ஒரு சிகரெட். அந்தப் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ மோக்லி. சிகரெட்டைத் தானாக அணையும்படி செய்ய வேண்டும் என்று அந்த ஆண்டே மசோதா கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் சிகரெட் வைத்த தீயில் அந்த நாட்டில் மட்டும் ஆண்டுக்கு 1,500 பேர் அளவில் செத்துக்கொண்டிருந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஆண்ட்ரூ மெக்குவயர் என்பவரும் இதற்காகப் போராடினார். சிறுவயதில் தீக்காயம் பட்டுப் பிழைத்தவர், அதன் வலி தெரிந்தவர்.

நிறுவனங்கள் சொன்ன பதில், "செய்ய முடியாது" என்பது. முடிந்தாலும் ருசி கெடும், நச்சு கூடும், யாரும் வாங்க மாட்டார்கள் என்றார்கள். 1984-இல் ஒரு சட்டம் வந்தது. அது எதையும் மாற்றச் சொல்லவில்லை, ஆராயத்தான் சொன்னது. ஆராய்ந்த குழுவில் சிகரெட் நிறுவனங்களின் ஆட்களும் இருந்தார்கள். அந்தக் குழுவே 1987-இல் அறிக்கை கொடுத்தது: தொழில்நுட்ப ரீதியாக இது சாத்தியம். 1990-இல் இன்னொரு சட்டம். அதுவும் சோதனை முறையைக் கண்டுபிடி என்றது. 1993-இல் அதுவும் முடிந்தது. உடனே சோதனை முறையே சரியில்லை என்று ஒரு வாதம் கிளம்பியது.

என்னை உண்மையிலேயே கொதிக்கவைப்பது வேறு. வெளியே இப்படிப் பேசிக்கொண்டிருந்த அதே 1980-களில், பிலிப் மோரிஸ் நிறுவனம் உள்ளே இதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. அந்தத் திட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ஹேம்லெட். ஷேக்ஸ்பியரின் ஹேம்லெட் நாடகத்தில் வரும் "இருப்பதா, இல்லாமல் போவதா" என்ற வரியைத் திருப்பி, "எரிவதா, எரியாமல் போவதா" என்று பெயரிலேயே சிலேடை. பின்னால் வழக்குகளில் நிறுவன ஆவணங்கள் வெளியே வந்தபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. மாதிரிச் சிகரெட்டுகள் ஆய்வுக்கூடத்தில் இருந்திருக்கின்றன. கடைக்கு வரவில்லை.

அதோடு விடவில்லை. சிகரெட்டைத் திருத்துவதற்குப் பதிலாக சோபாவைத் திருத்துங்கள் என்று பேச்சைத் திருப்பினார்கள். சிகரெட் நிறுவனங்களின் சங்கமான டொபாகோ இன்ஸ்டிட்யூட்டின் துணைத் தலைவராக இருந்த பீட்டர் ஸ்பார்பர், மாநிலத் தீயணைப்புத் தலைவர்களின் சங்கத்துக்குள் நுழைந்து அதன் கவனத்தை மெத்தை, நாற்காலி பக்கம் தள்ளிய கதையை 2012-இல் சிகாகோ டிரிப்யூன் விரிவாக எழுதியது. வீட்டு நாற்காலிகளின் நுரைப்பஞ்சுக்குள் தீத்தடுப்பு ரசாயனம் குவிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அது தூசியோடு தூசியாகக் கலந்து, தரையில் தவழும் குழந்தைகளின் உடம்பில் சேர்ந்தது. நாற்காலி நுரை தீயைத் தாங்க வேண்டும் என்ற கலிபோர்னியாவின் பழைய விதி 2014-இல் மாறிய பிறகுதான் அந்த ரசாயனத்துக்கான கட்டாயம் தளர்ந்தது. நெருப்பு வைப்பது சிகரெட், விஷம் சுமப்பது குழந்தை தவழும் தரை. இதை வாசித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, தானாக முன்வந்து எதுவுமே செய்யவில்லையா? செய்தார்கள், மறைக்கக் கூடாது. 2000-இல் பிலிப் மோரிஸ் தன் மெரிட் சிகரெட்டை வளையக் காகிதத்தோடு விற்பனைக்குக் கொண்டுவந்தது. நண்பர் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் பாருங்கள், அவர்களிடம் இருந்த பெரிய பிராண்ட் மார்ல்பரோ. அதைத் தொடவில்லை. அதே ஆண்டில்தான் நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டது. ஒரு பிராண்டில் செய்து காட்டியவர்களால் மற்றதிலும் செய்திருக்க முடியும். ஆனால் எவரும் தனியாகப் போய் நிற்கத் துணிய மாட்டார்கள். நம்முடையது அடிக்கடி அணைகிறது என்று வாடிக்கையாளர் பக்கத்துக் கடைப் பெட்டிக்கு மாறிவிட்டால் நஷ்டம் யாருக்கு? வியாபாரம் செய்கிறவரின் அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே விதி வேண்டும் என்கிறேன். அப்போது யாருக்கும் தனி நஷ்டம் இல்லை.

நியூயார்க் சட்டம் 2004 ஜூன் 28-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் அமைப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். வளையம் போடு, உப்பைக் குறை என்றெல்லாம் அது சொல்லவில்லை. பத்து அடுக்கு வடிதாளின் மேல் நாற்பது சிகரெட்டைப் பற்றவைத்து வை, முழுசாக எரிந்து முடிபவை நூற்றுக்கு 25-ஐத் தாண்டக் கூடாது என்றது. அதாவது நாற்பதில் பத்துக்கு மேல் போகக் கூடாது. எப்படிச் செய்வது என்பது உன் பாடு. இன்ஸ்பெக்டர் தொழிற்சாலைக்குள் மூக்கை நுழைக்க வேண்டியதில்லை. சிகரெட்டை வாங்கி வடிதாளில் வைத்தால் தெரிந்துவிடும்.

அடுத்த ஆண்டு, 2005-இல், ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். நியூயார்க்கில் விற்ற சிகரெட்டையும் மாசசூசெட்ஸ், கலிபோர்னியாவில் விற்ற அதே பிராண்டுகளையும் வாங்கி இதே சோதனையைச் செய்தார்கள். நியூயார்க் சிகரெட்டில் முழுசாக எரிந்தவை 10 சதவீதம். மற்ற இரண்டு மாநிலங்களில் 99.8 சதவீதம்.

இந்த இரண்டு எண்ணையும் நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பிராண்டு ஒன்று, நிறுவனம் ஒன்று, அவர்களுக்குத் தெரிந்த வித்தையும் ஒன்று. நியூயார்க்கும் மாசசூசெட்சும் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மாநிலங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் தூங்குகிறவருக்கு ஒரு சிகரெட், அந்தப் பக்கம் தூங்குகிறவருக்கு வேறு சிகரெட். ஏழு பேரைப் பறிகொடுத்த வெஸ்ட்வுட் இருக்கும் மாநிலத்துக்குப் பழைய சிகரெட்டே போய்க்கொண்டிருந்தது, அங்கே இன்னும் சட்டம் வரவில்லை என்பதற்காக. விற்பனை படுத்துவிடும் என்ற பயமும் பொய்த்தது. நியூயார்க்கில் விற்பனை சரியவில்லை.

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. 2005 அக்டோபரில் கனடா, நாடு முழுக்க. 2010-இல் ஆஸ்திரேலியா. 2011 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம். அமெரிக்காவில் மாநிலம் மாநிலமாகச் சட்டம் வந்து, இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் போட்டுவிட்ட பிறகு, 2007-இல் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் என்ற இன்னொரு பெரிய நிறுவனம் தன் எல்லாச் சிகரெட்டையும் நாடு முழுக்க மாற்றப்போவதாக அறிவித்தது. செய்தியில் அது தானாக எடுத்த முடிவு மாதிரித்தான் இருந்தது. அதை அப்படி எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. 2011 ஜூலையில் கடைசி மாநிலமாக வயோமிங்கிலும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2003-க்கும் 2011-க்கும் இடையில் சிகரெட் தீயில் இறந்தவர்கள் 30 சதவீதம் அளவுக்குக் குறைந்ததாக அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் கணக்குச் சொன்னது. முழுப் பெருமையும் வளையத்துக்கு இல்லை. புகைப்பவர்களும் குறைந்தார்கள், மெத்தைகளும் மாறின. ஆனாலும் அதில் வளையத்துக்கு நல்ல பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

ஜோ மோக்லி 2001 மே மாதமே இறந்துவிட்டார்.

"தானாக முன்வருதல்" என்றதும் எனக்கு நினைவு வரும் இன்னொன்று 'லைட்' சிகரெட். அதை எந்தச் சட்டமும் கேட்கவில்லை, நிறுவனங்களாகவே கொண்டுவந்தார்கள். ஃபில்டரைச் சுற்றி ஊசிமுனை அளவில் ஓட்டைகள். சோதனை எந்திரம் இழுக்கும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்றும் சேர்ந்து வரும், புகையிலுள்ள தார் என்ற கறுப்புப் பிசினின் அளவு குறைவாகக் காட்டும். மனிதன் பிடிக்கும்போது விரலும் உதடும் ஓட்டையை மூடிவிடும், இன்னும் ஆழமாகவும் இழுப்பான். விட்டுவிட நினைத்த எத்தனையோ பேர் லைட்டுக்கு மாறினால் போதும் என்று நம்பி மாறினார்கள். 2006-இல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், இது தெரிந்தே செய்த ஏமாற்று என்று தீர்ப்பில் எழுதினார். 'லைட்' என்ற வார்த்தையைப் பெட்டியில் போடவே கூடாது என்று அமெரிக்கச் சட்டம் 2010-இல் தடுத்தது. எது பாதுகாப்பு என்று விற்கிறவரே அளந்து சொன்னால் அளவுகோல் அவர் கையில்தான் இருக்கும்.

வளையம் போட்ட சிகரெட்டையும் பாதுகாப்பான சிகரெட் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். நுரையீரலுக்கு அது பழைய சிகரெட்டேதான். ஊதுகிறவர் தெரிந்துதானே ஊதுகிறார், விளைவும் அவருடையது என்று நண்பர் சொல்லலாம். ஆனால் அந்தத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் கணக்கில், சிகரெட் தீயில் சாகும் நான்கு பேரில் ஒருவர் அந்தச் சிகரெட்டைப் பற்றவைத்தவர் இல்லை. பிள்ளை, மனைவி, மாடி வீட்டுக்காரர். வாடிக்கையாளரின் விருப்பம் பொருளைத் திருத்தும் என்றால், கடைக்கே போகாத மூன்று வயதுப் பிள்ளையின் விருப்பத்தை எந்தக் கல்லாவில் எண்ணுவது?

சட்டம் போடுகிறவர்களும் இதில் சுத்தமில்லை, ஒத்துக்கொள்கிறேன். இருபத்தைந்து வருஷம் ஆய்வுக் குழு, சோதனைக் குழு என்று இழுத்தடித்ததும் அரசுதான். நிறுவனங்களால் தீயணைப்பு அதிகாரிகளையே தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ள முடிந்ததே. அதற்கு மருந்து சட்டத்தை விட்டுவிடுவதில்லை, நியூயார்க் எழுதியதுபோல் சுருக்கமாக, யாரும் அளந்து பார்க்கும்படி எழுதுவது.

சில வருஷம் முன்பு கனடாவிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் ஒரு பெட்டி சிகரெட் கொண்டுவந்திருந்தார். நான் ஒன்றை எடுத்து, புகையிலையை உதிர்த்துவிட்டு, காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. வெள்ளையில் வெள்ளையாக இரண்டு பட்டை, கோலப்பொடி விரலால் தேய்த்த மாதிரி. பக்கத்தில் அப்பா ஒன்றைப் பற்றவைத்தார். விடச் சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் கிண்ணத்தில் வைத்தார், வந்தவரிடம் ஊர்க்கதை பேச ஆரம்பித்தார். திரும்பி எடுத்தபோது அணைந்திருந்தது.

அப்பா அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் தீப்பெட்டிக்குக் கை நீட்டிக்கொண்டே சொன்னார்: "எங்க அய்யா பீடி மாதிரில்லா இருக்கு."