“நம்மால் முடியும்!” சுவரொட்டி குறித்து ஒரு திருத்தம்

சிவப்புத் தலைத்துணி கட்டி, நீலச் சட்டையின் கையை மடித்துவிட்டு நிற்கும் பெண்ணின் படத்தை, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு பெண்களை வேலைக்கு அழைக்க நாடெங்கும் ஒட்டியது என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. ஓவியர் ஜே. ஹோவர்ட் மில்லர் வரைந்த அந்தச் சுவரொட்டி, வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்க மின்கருவி நிறுவனம் தன் ஆலைகளுக்குள் மாட்டுவதற்காக அச்சிட்டது. அதைப் பார்த்தவர்கள் ஏற்கெனவே அங்கு வேலையில் இருந்தவர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அவளுடைய கழுத்துப்பட்டியில் ஊழியர் அடையாள வில்லையும், கீழே இடது ஓரத்தில் பிப்ரவரி 15 முதல் 28 வரை மாட்டவும் என்ற சிற்றெழுத்துக் குறிப்பும் தெரியும். ஆண்டு 1943. இன்று இந்தப் படத்துப் பெண்ணுக்கு வழங்கும் ‘ரோசி’ (ரோசி தி ரிவெட்டர்) என்ற பெயரும் அப்போது இவளுக்குரியதாக இல்லை; அதே ஆண்டு மே 29 அன்று ஒரு வார இதழின் அட்டையில் ஓவியர் நார்மன் ராக்வெல் வரைந்த, மடியில் ரிவெட் துப்பாக்கியுடன் (உலோகத் தகடுகளை ஆணியடித்து இணைக்கும் கருவி) அமர்ந்திருக்கும் பெண்ணே அன்று அப்பெயரால் அறியப்பட்டவள். மில்லரின் படம் பரவலானது 1980களில்தான்.

அரசு உண்மையிலேயே பெண்களை அழைத்த சுவரொட்டிகளின் தொனி வேறு. 1944இல் வெளியான ஒன்றில், போர்முனையிலிருந்து வந்த கடிதங்களை மார்போடு அணைத்தபடி ஒரு பெண் ஏக்கத்துடன் நிற்கிறாள். ஏங்குவதால் அவன் விரைவில் திரும்பிவிட மாட்டான், போர்க்கால வேலையில் சேர் என்கிறது வாசகம். அங்கே அவளை அசைக்கப் பயன்பட்டது தன்னம்பிக்கையோ உரிமையோ அன்று, கணவனின் பிரிவு. இந்த வேறுபாட்டை மறைத்துவிடுவதாலேயே அந்தத் தகவலைத் திருத்த வேண்டியிருக்கிறது.