ஐந்து நாள் குஞ்சுக்கு இம்யூனிட்டி பூஸ்டரா?

மீன் வளர்ப்பு வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி ஒரு இம்யூனிட்டி பூஸ்டர் டப்பா படம் வருகிறது. "குஞ்சு பொரிச்ச மறுநாளே கலக்குங்க, எதிர்ப்புச் சக்தி ஏறும்." எந்த எதிர்ப்புச் சக்தி என்றுதான் யாரும் கேட்பதில்லை.

அது வளருகிற விதத்தை வரிக்குதிரை மீனில் கண்ணாலேயே பார்க்கலாம். சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் பையில் கட்டித் தருவார்களே, அதே கோடு போட்ட பொடி மீன். குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும். நுண்ணோக்கியில் வைத்தால், கருவுற்ற ஒரு நாளிலேயே மஞ்சள் கருவின் மேல், கிருமியை விழுங்கி அழிக்கும் விழுங்கு செல்கள் ஊர்வது தெரியும். 1999இல் பிரான்சு ஆய்வாளர்கள் கருவின் ரத்தத்தில் பாக்டீரியாவை ஊசியால் ஏற்றினார்கள். சில மணி நேரத்தில் இந்தச் செல்கள் அத்தனையையும் விழுங்கிவிட்டன. முட்டையை விட்டு வெளியே வருவதற்கும் முன்பே!

இரண்டாம் நாள்வாக்கில் பெருந்தமனியின் அடிச்சுவரிலிருந்து, எல்லா ரத்தச் செல்களுக்கும் வித்தான ரத்த மூலச்செல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வருகின்றன. மீனுக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறாது. அந்த வேலையைச் சிறுநீரகம் செய்கிறது. நான்காம் நாளையொட்டித் தைமஸ் என்ற உறுப்பில், குறிப்பிட்ட கிருமியை அடையாளம் காணும் டி செல்கள் தயாராகத் தொடங்கும். ஆனால் கிருமியை அடையாளம் கண்டு அதைப் பிடிக்கும் புரதமான ஆன்டிபாடியைச் சொந்தமாகச் சுரக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகிவிடும். கட்லா, ரோகுவுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இனமும் தண்ணீரின் வெப்பமும் மாற்றும். வரிசை மட்டும் இதுதான்.

அதுவரை குஞ்சைக் காப்பது விழுங்கு செல்களும், தோலின் சளியும், தாய் மஞ்சள் கருவில் வைத்தனுப்பிய கொஞ்சம் ஆன்டிபாடியும்தான். பூஸ்டர் டப்பாக்களில் இருக்கும் பீட்டா குளுக்கன் (ஈஸ்ட் போன்றவற்றிலிருந்து எடுக்கும் ஒரு சர்க்கரைப் பொருள்) மாதிரிச் சரக்கு அந்தச் செல்களைக் கொஞ்சம் உசுப்பிவிடும், மறுக்கவில்லை. தடுப்பு மருந்தை அந்த வயதில் கொடுப்பது வேறு கதை. கிருமியைப் பகையாகப் பார்க்காமல் உடம்பு அதைச் சகித்துக்கொள்ளப் பழகிவிடவும் கூடும். ஆன்டிபயாட்டிக் கலப்பவர்களை நினைத்தால்தான் எனக்குக் கோபமே வருகிறது. குடலில் குடியேறும் நல்ல பாக்டீரியாதான் இந்தச் செல்களைப் பழக்குகிறது. அதையும் சேர்த்து அழிக்கிறோம்.

நார்வே சால்மன் பண்ணைகளில் 1987இல் ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாட்டிக் கொட்டினார்கள். இன்று உற்பத்தி பல மடங்கு ஏறியும் ஒரு டன்னுக்குக் கீழே வந்துவிட்டது. பெரிய காரணம் தடுப்பூசி. அதையும் கடலில் விடும் முன், பல மாதம் வளர்ந்த மீனுக்குத்தான் போடுகிறார்கள்.

நம் பொரிப்பகங்கள் பூஸ்டர் டப்பாவுக்குக் கொடுக்கும் காசைத் தாய் மீனின் தீவனத்திலும், தொட்டியில் குஞ்சின் நெரிசலைக் குறைப்பதிலும் போடட்டும். தடுப்பு மருந்து விற்பவர்கள் எத்தனை நாள் குஞ்சில் சோதித்தோம் என்று டப்பாவிலேயே அச்சிடட்டும்.