சீலியாக் பணக்கார வியாதியா?

"கோதுமை ஒத்துக்கலையா? அது வசதியானவங்களுக்கு வர்ற வியாதி." கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கிக் கெடுக்கும் நோய்தான் சீலியாக். அதைப் பற்றி எழுதும்போதெல்லாம் இப்படி ஒரு பதில் வந்துவிடுகிறது. இதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இந்த எண்ணத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்லமாட்டேன். கரேலியா என்ற நிலப்பகுதி பின்லாந்திலும் ரஷ்யாவிலுமாகப் பிரிந்து கிடக்கிறது. இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் மரபணு வாகு ஏறக்குறைய ஒன்றுதான், கோதுமை தின்பதிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் 2008இல் வெளியான ஆய்வில், சீலியாக் இருப்பது பின்லாந்துப் பிள்ளைகளில் 107 பேருக்கு ஒருவர், ரஷ்யக் கரேலியாவில் 496 பேருக்கு ஒருவர் என்று வந்தது. ஏழ்மையான சூழலில் சிறு வயதிலேயே பல கிருமிகளோடு பழகுவது உடலின் எதிர்ப்புச் சக்தியை வேறு விதமாகப் பழக்குகிறதோ என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

அங்கே பள்ளிப் பிள்ளைகளைத் தேடிப்போய் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மற்ற இடங்களில் பெரும்பாலும் நாம் எண்ணுவது நோயாளிகளை அல்ல, டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னவர்களை மட்டும். வைத்தியம் இலவசமாகக் கிடைக்கும் பிரிட்டனிலேயே, வசதியான பகுதிப் பிள்ளைகளுக்கு இந்த நோய் கண்டறியப்படுவது மிக ஏழ்மையான பகுதிகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏழைப் பிள்ளையின் வயிற்றுப்போக்கை யார் அவ்வளவு தூரம் துருவுகிறார்கள்?

நம் நாட்டில் 2016இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். ரத்தப் பரிசோதனையில் சீலியாக்குக்கான அறிகுறி (எதிர்ப்பொருள்) தெரிந்தவர்கள் வட இந்தியாவில் 1.23 சதவீதம், தெற்கில் 0.10. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரு பக்கமும் மூன்றில் ஒருவருக்கு மேல் இருக்கிறது. ஆனால் ஒரு நாளைக்கு வடக்கே சாப்பிடும் கோதுமை சராசரியாக 455 கிராம், நம் பக்கம் 25 கிராம். நம்மைக் காப்பது அரிசிச் சோறு.

வட இந்தியக் கிராமம் ஒன்றில், சரியாக வளராத, ரத்தசோகை பிடித்த பிள்ளையைப் பார்த்தால் சத்துக் குறைவு என்று முடிவு கட்டிவிடுவது எளிது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, இன்னும் இரண்டு ரொட்டி தின்னச் சொல்வார்கள். குடலைக் கெடுப்பதே அந்த ரொட்டிதான். கண்டுபிடித்தாலும் இதற்கு மருந்து கிடையாது, வாழ்நாள் முழுக்கக் கோதுமையை விடவேண்டும். ரேஷனில் வருவதோ கோதுமை. குளூட்டன் இல்லாத பாக்கெட் மாவு கூலி வேலைக்காரர் வாங்கும் விலையில் இல்லை. சோளம் கொண்டுபோனாலும், கோதுமை அரைத்த அதே மில்லில்தான் அரைக்கவேண்டும், கோதுமை மாவு அதிலும் கலந்துவிடும்.

இத்தாலியில் சீலியாக் நோயாளிகளின் உணவுக்கு அரசே மாதாமாதம் உதவுகிறது. இங்கே அவ்வளவு கூடக் கேட்கவில்லை. மாத்திரைக்கு அடங்காத ரத்தசோகை உள்ள பிள்ளைகளுக்கு அரசு மருத்துவமனையில் சீலியாக்குக்கான ரத்தப் பரிசோதனையைச் செய்யுங்கள். நோய் உறுதியான வீட்டுக்கு ரேஷனில் கோதுமைக்குப் பதில் அரிசியோ கம்போ கொடுங்கள்.