அந்த மொட்டைமாடிக் காட்சி புத்தகத்தில் இல்லை

2016-இல் வந்த ‘பேட்மேன்: தி கில்லிங் ஜோக்’ அனிமேஷன் படத்தில் பேட்மேனும் பேட்கேர்ளான பார்பரா கார்டனும் உடலளவில் நெருங்கும் மொட்டைமாடிக் காட்சி, ஆலன் மூர் எழுதிய மூல காமிக்ஸ் புத்தகத்திலேயே இருப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. 1988-இல் வெளியான அந்தப் புத்தகத்தில் அப்படி ஒரு காட்சியே கிடையாது.

படத்தின் முதல் அரை மணி நேரம் கிட்டத்தட்ட முழுவதுமே படத்துக்காகப் புதிதாகச் சேர்த்தது. பாரிஸ் ஃப்ரான்ஸ் என்ற தாதாவும் அதில்தான் வருகிறான். திரைக்கதை பிரையன் அசரெல்லோ. மூலக்கதை ஒரு முழுப்படத்துக்குப் போதாத அளவு சின்னது என்பதை, படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான புரூஸ் டிம் அப்போதே வெளிப்படையாகச் சொன்னார். (சேர்த்தது நன்றாக இருக்கிறதா என்பது வேறு சண்டை. எனக்குப் பிடிக்கவில்லை.)

சரிபார்ப்பது சுலபம். எந்தப் பதிப்பானாலும் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள்: மழை, பேட்மேனின் கார் ஆர்க்கம் மனநலக் காப்பகத்துக்கு வந்து நிற்கிறது. படத்தில் அந்த இடம் வரவே நேரமாகும். அப்புறம் பார்பரா வரும் பக்கங்களை மட்டும் புரட்டுங்கள். அப்பாவோடு வீட்டில் இருக்கிறார், கதவைத் திறக்கிறார், ஜோக்கர் சுடுகிறான், பிறகு மருத்துவமனை. பேட்கேர்ளாக அவர் எங்கும் சண்டைக்குப் போவதில்லை. 2008-இல் வந்த டீலக்ஸ் பதிப்பில் ஓவியர் பிரையன் போலண்ட் முக்கியமாக வண்ணங்களைத்தான் மாற்றினார். அதிலும் இந்தக் காட்சி இல்லை.