படிப்பு ஏறாதவர்களுக்கா தொழிற்கல்வி?

"படிப்பு ஏறலையா, ஏதாவது தொழில் பிரிவில் சேர்த்துவிடுங்க" என்று பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பெரியவர்கள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கும். தண்டனை கொடுப்பது மாதிரி அல்லவா இருக்கிறது? ஒரு வேலையைக் கற்றுக்கொள்ளப் போகும் பிள்ளை, தோற்றுப்போனவன் என்ற நினைப்போடுதான் உள்ளே நுழைகிறான்.

சரி, தொழிற்கல்வியால் உண்மையிலேயே பலன் உண்டா? இதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமில்லை. தொழிற்கல்வி படித்தவர்களையும் படிக்காதவர்களையும் வெறுமனே ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் சிலர் ஆசைப்பட்டுச் சேர்ந்திருப்பார்கள், சிலரை வேறு வழியில்லாமல் தள்ளிவிட்டிருப்பார்கள், பிறகு அவர்கள் நன்றாக இருந்தாலும் சிரமப்பட்டாலும் அதற்குப் படிப்பு காரணமா ஆளே காரணமா என்று பிரிக்கவே முடியாது.

அதனால்தான் அமெரிக்காவில் எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் 1993-ல் தொடங்கிய ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'கேரியர் அகாடமி' என்பது உயர்நிலைப் பள்ளிக்குள்ளேயே நடக்கும் சிறிய பிரிவு. வழக்கமான பாடங்களும் உண்டு, ஒரு தொழில்துறை சார்ந்த பாடங்களும் உண்டு, நிறுவனங்களுக்குப் போய் வேலை பழகவும் வாய்ப்பு உண்டு. இருந்த இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகம் என்பதால் குலுக்கல் போட்டார்கள். இடம் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் இரண்டு பேருமே விரும்பிக் கேட்டவர்கள்தான், ஆகவே ஒப்பீடு நியாயமானது. பள்ளி முடித்து எட்டு ஆண்டுகள் வரை அவர்களைத் தொடர்ந்து கவனித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். இடம் கிடைத்தவர்களின் வருமானம் சராசரியாக 11 சதவீதம் அதிகம், ஆண்களுக்கு மட்டும் பார்த்தால் 17 சதவீதம். மேற்படிப்பு முடித்தவர்களின் அளவில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அதாவது தொழில் கற்றதால் யாருடைய கல்லூரிக் கதவும் மூடவில்லை.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தின் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றிய ஆய்வு இன்னும் சுவாரசியமானது. சேர்க்கைக்கான கட்-ஆஃப் மதிப்பெண்ணை மயிரிழையில் தாண்டி உள்ளே போனவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். உள்ளே போன பையன்கள் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு 10 சதவீதப் புள்ளிகள் கூடியது, பின்னாளில் வருமானமும் சுமார் 30 சதவீதம் அதிகம். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொரு விஷயம்: அவர்கள் ஒன்பதாம் வகுப்பில் ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தார்கள், பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் மதிப்பெண்ணும் எடுத்தார்கள். படிப்பு ஏறாது என்று நாம் முடிவுகட்டும் வயதில், கையில் ஒரு வேலை கிடைத்ததும் படிப்பும் கூடவே வந்திருக்கிறது!

ஆனால் அதே ஆய்வில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லும்படியான பலன் எதுவும் தெரியவில்லை. தொழிற்கல்வியை ஆதரிக்கிற நாம் இதை மறைக்கக் கூடாது. அவர்களுக்கு எந்தத் தொழில்களைக் காட்டுகிறோம், அந்தத் தொழில்களில் சம்பளம் எப்படி என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்புறம் இன்னொரு கசப்பான உண்மை. பொருளாதார அறிஞர் எரிக் ஹனுஷெக்கின் குழுவினர் 11 நாடுகளின் தரவை வைத்து 2017-ல் வெளியிட்ட கட்டுரையின்படி, தொழிற்கல்வி படித்தவர்களுக்கு இளம் வயதில் வேலை சீக்கிரம் கிடைக்கிறது, வயது ஏற ஏற அந்த அனுகூலம் கரைந்து பொதுக்கல்வி படித்தவர்கள் முந்திவிடுகிறார்கள். வேலையின் தன்மை மாறும்போது புதிதாகக் கற்றுக்கொள்ளும் அடித்தளம் குறைவாக இருப்பதுதான் காரணம் என்கிறார்கள். தொழிற்பயிற்சி முறை வலுவாக உள்ள ஜெர்மனி, டென்மார்க், சுவிட்சர்லாந்தில்தான் இது இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

ஆகவே தொழில் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கணக்கையும் மொழியையும் குறைத்துக்கொடுப்பது அவர்களுடைய நாற்பது, ஐம்பது வயதில் கை வைக்கும் வேலை. "இவங்களுக்கு எதுக்கு இவ்வளவு கணக்கு" என்று கேட்பவர்களிடம் நான் விடாமல் சண்டை போடுவேன். படித்து முடித்ததும் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று தொழிற்கல்வி நிறுவனத்தினர் பெருமையாக விளம்பரம் செய்கிறார்களே, அதோடு நிறுத்தாமல் பத்து வருஷம் கழித்து அந்தப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்றும் சொல்லட்டும், பெண்களுக்குத் தனியாகக் கணக்கெடுத்து.